டச்சுக் காய்களுக்குத் தனி விதி வேண்டும்: பசிபிக் கடற்போர் விளையாட்டை வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வடிவமைப்புக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் பசிபிக் கடற்போர் விளையாட்டின் சோதனைப் பதிப்பு எங்கள் கைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. நானும் நண்பர்கள் மூன்று பேரும் ஞாயிறுதோறும் மொட்டைமாடி அறையில் வரைபடத்தை விரித்துவைத்து ஆடிக்கொண்டிருக்கிறோம். மிட்வே அருமையாக வந்திருக்கிறது. குவாடல்கனால் இரவுச் சண்டை விதிகளுக்காகத் தனியாக ஒரு பாராட்டு மடலே எழுதலாம். இந்த மடல் வேறொன்றைப் பற்றியது. 1941 டிசம்பரிலிருந்து 1942 மார்ச் வரை டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், நடந்ததை உங்கள் காய்களும் விதிகளும் காட்டும் விதம் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அச்சுக்குப் போவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் பொதுவில் எழுதக் காரணம், இந்தக் குறை உங்கள் விளையாட்டோடு நிற்கவில்லை. நான் ஆடிய பசிபிக் விளையாட்டுகளில் பலவற்றில் இதே கதைதான்.

குறை இதுதான். டச்சுக் காய்கள் எல்லாம் பிரிட்டிஷ் காய்களை எடுத்து, எண்ணில் ஒன்றைக் குறைத்து, நிறத்தை மட்டும் மாற்றி அச்சடித்ததுபோல இருக்கின்றன. அவர்களுடைய நீர்மூழ்கிகளுக்கு அமெரிக்க நீர்மூழ்கிகளின் டார்பிடோ மதிப்பெண். அவர்களுடைய தரைப்படைக்குச் சாதாரணக் காலாட்படையின் மதிப்பெண். 1942 மார்ச் சுற்று முடிந்ததும் மொத்தக் காய்களையும் பெட்டிக்குள் எடுத்துப் போட்டுவிட வேண்டும் என்று ஒரு வரி. அவ்வளவுதான், டச்சுக்காரர்கள் முடிந்தார்கள். ஆடுகிறவருக்கு அவர்கள் ஜப்பான் முன்னேறும் வழியில் கிடக்கும் வேகத்தடை மட்டுமே.

ஆனால் அது ஒரு காலனியப் படை. அதன் பலமும் பலவீனமும் அந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன. தன்னுடையதல்லாத ஒரு பெரிய தீவுக் கூட்டத்தைப் பிடித்துவைத்திருக்க, அந்தத் தீவுகளின் ஆட்களையே பெருமளவில் சேர்த்து, எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு சின்ன நாட்டின் பணத்தில் கட்டப்பட்ட படை அது. 1940 மேயில் அந்தச் சின்ன நாடும் ஐந்தே நாளில் ஜெர்மனியிடம் விழுந்துவிட்டது. இதை விதிகளுக்குள் கொண்டுவராமல் டச்சுப் படைக்கு எந்த எண் கொடுத்தாலும் அது தப்பாகத்தான் வரும், கூட்டிக் கொடுத்தாலும் சரி, குறைத்துக் கொடுத்தாலும் சரி.

நீர்மூழ்கிகளிலிருந்து ஆரம்பிக்கிறேன், எனக்கு அதிக ஆதங்கம் அங்கேதான். போர் வெடித்தபோது அந்தக் கடலில் டச்சுக்காரர்களிடம் சுமார் 15 நீர்மூழ்கிகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயர் 'கே' என்ற எழுத்தில் தொடங்கும். 'காலனிகள்' என்பதற்கான டச்சுச் சொல்லின் முதலெழுத்து அது. காலனிக்காகவே கட்டிய கப்பல் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பணம் குறைவு, கடல் பெரிது, எதிரி பலசாலி என்ற நிலையில் ஒரு சின்ன கடற்படை யோசித்துக் கண்டுபிடித்த பதில் இந்த நீர்மூழ்கிகள். எதிரியின் துருப்புக் கப்பல்கள் எந்த ஜலசந்தி வழியாக வந்தாலும் கூட்டமாகச் சேர்ந்து இரவில் மேலெழுந்து தாக்குவது என்று போருக்கு முன்பே பல வருடம் பயிற்சி எடுத்திருந்தார்கள். ஓ-19, ஓ-20 இரண்டிலும் நீருக்கடியில் இருந்தபடியே டீசல் இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாய் இருந்தது. அந்தத் தொழில்நுட்பத்தை ஜெர்மானியர்கள் பிறகு டச்சுக்காரர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் சில வாரங்களில் நடந்ததைப் பாருங்கள். டிசம்பர் 12 இரவு ஓ-16 தாய்லாந்தின் பட்டாணித் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து, ஆழமில்லாத தண்ணீரில் நின்றிருந்த ஜப்பானியத் துருப்புக் கப்பல்கள் பலவற்றை அடித்தது. டிசம்பர் 24 அன்று கே-16 போர்னியோவின் கூச்சிங் அருகே சகிரி என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தது. அதே காலத்தில் அமெரிக்க நீர்மூழ்கிகள் பிலிப்பைன்ஸ் பக்கத்தில் டார்பிடோ மேல் டார்பிடோவாக விட்டும் அவை சொன்ன ஆழத்தில் ஓடாமல், வெடிக்க வேண்டிய இடத்தில் வெடிக்காமல் ஏமாற்றின. அந்தக் கோளாறுகள் முழுதாகச் சரியாக 1943-இன் பிற்பகுதி ஆனது. டச்சு டார்பிடோக்களில் அந்தக் கோளாறு இல்லை. உங்கள் விதிப்புத்தகத்தில் அமெரிக்க டார்பிடோக்களுக்கு ஒரு பக்கம் முழுக்கத் தோல்வி அட்டவணை போட்டிருக்கிறீர்கள், நல்ல உழைப்பு. ஆனால் அதே அட்டவணையில்தான் டச்சுக்காரர்களும் பகடை உருட்ட வேண்டும் என்று எழுதியிருப்பது நியாயமே இல்லை. எங்கள் ஆட்டத்தில் பதினொரு முறை டிசம்பர் சுற்றை ஆடிப் பார்த்தோம். ஒருமுறைகூட டச்சு நீர்மூழ்கி ஒரு போர்க்கப்பலை மூழ்கடிக்கவில்லை.

அதற்காக அவற்றைச் சூரர்களாக்கச் சொல்லவில்லை. விலையும் அதே வேகத்தில் கொடுத்தார்கள். பட்டாணியில் அடித்துவிட்டுத் திரும்பிய ஓ-16, 15-ஆம் தேதி கண்ணிவெடியில் மோதி உடைந்தது; ஒரே ஒரு மாலுமிதான் நீந்திப் பிழைத்தார். ஓ-20 டிசம்பர் 19 அன்று போனது. கே-17 அடுத்த சில நாளில் கண்ணிவெடியில் போனது. சகிரியை மூழ்கடித்த கே-16 அடுத்த நாளே, கிறிஸ்துமஸ் அன்று, ஒரு ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவுக்கு இரையானது, யாரும் பிழைக்கவில்லை. ஒரே மாதத்தில் நான்கு. கூட்டமாகத் தாக்கப் பயின்ற கப்பல்களைப் பிரிட்டிஷ் தலைமையின் கீழ் வைத்து, சயாம் வளைகுடாவின் ஆழமற்ற தண்ணீருக்குத் தனித்தனியாக அனுப்பியதற்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கருத்து. ஆகவே விதி இப்படி இருக்கலாம்: டச்சு நீர்மூழ்கிக்கு டார்பிடோ நம்பகத்தன்மை முழு மதிப்பெண், கூட்டமாக ஒரே கட்டத்தில் வைத்தால் கூடுதல் பலன், ஆனால் பிரிட்டிஷ் கட்டளையின் கீழ் விட்டால் அந்தக் கூடுதல் கிடையாது, ஒரு காய் போனால் போனதுதான், அதற்கு மாற்று வராது. ஆடுகிறவருக்கு ஒரு உண்மையான முடிவை எடுக்க வேண்டியிருக்கும். சிங்கப்பூருக்கு உதவி செய்வதா, ஜாவாவுக்காகக் கையில் வைத்துக்கொள்வதா? கடற்படைத் தளபதி ஹெல்ஃப்ரிக்கின் கையில் இருந்த கேள்வி அதுதான்.

மாற்று வராது என்றேனே, அதை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1940 மே 10 அன்று ஜெர்மனி நுழைந்தது, 15 அன்று நெதர்லாந்து சரணடைந்தது. அதோடு உதிரிபாகம், புதுக் கப்பல், பயிற்சி பெற்ற ஆட்கள், எல்லாமே நின்றுபோயின. கடற்படை விமானப் பிரிவிடம் டோர்னியர் பறக்கும் படகுகள் (தண்ணீரில் இறங்கும் விமானங்கள்) 30-க்கும் மேல் இருந்தன, தீவுகளுக்கென்றே வடிவமைத்தவை. அதன் பிறகு அவை வர வழியில்லை என்றதும் அமெரிக்காவிடம் கேட்டலினா பறக்கும் படகுகளை வாங்கினார்கள். தரைப்படைக்கு அங்கே இங்கே என்று எங்கெங்கோ ஆர்டர் கொடுத்துக் கேட்ட டாங்கிகளில் ஒரு சிறு பகுதிதான் வந்து சேர்ந்தது. பெரிய கப்பல் பழுது பார்க்க உருப்படியான ஒரே இடம் ஜாவாவின் சுராபாயா. உங்கள் வரைபடத்தில் சுராபாயா ஒரு நங்கூரக் குறியோடு மற்ற துறைமுகங்களைப் போலவே கிடக்கிறது. அங்கே ஒரு பழுதுத்துறைப் பெட்டியைத் தனியாக வரைந்து, பிப்ரவரி 3-இல் தொடங்கிய விமானத் தாக்குதல்கள் அதில் விழ விழ, காயம்பட்ட கப்பல்கள் எழுந்திருக்கவே முடியாது என்று ஆக்குங்கள். ஆட்டமே மாறிவிடும்.

நாசகாரிக் கப்பல்களின் கதை இதற்குச் சரியான சாட்சி. தீவுகளில் ஏழு இருந்தன, எல்லாமே 1920-களின் இறுதியில் கட்டியவை. பிப்ரவரி 15 அன்று வான் கெண்ட் இரவில் பாறைத்திட்டில் ஏறி நின்றுவிட்டது, கைவிட்டார்கள். 17 அன்று வான் நெஸ்ஸை விமானங்கள் மூழ்கடித்தன. 20-ஆம் தேதி விடியுமுன் பாலிக்குக் கிழக்கே பாடுங் ஜலசந்தியில் பீட் ஹைன். 27 அன்று ஜாவாக் கடலில் கோர்டனார். மார்ச் 1 அன்று எவர்ட்சன் சுந்தா ஜலசந்தியில் ஜப்பானியக் கப்பல்களிடம் மாட்டி, எரிந்தபடியே ஒரு தீவின் கரையில் ஏறியது. மிச்சமிருந்த விட்டெ டி வித், பாங்கர்ட் இரண்டையும் மார்ச் 2 அன்று சுராபாயாவில் அவர்களே அழித்தார்கள். விட்டெ டி வித்துக்கு முதல் காயம் அதன் சொந்த வெடிகுண்டால் வந்தது: சண்டையில் தளத்திலிருந்து நழுவி விழுந்த ஆழ்கடல் குண்டு பக்கத்திலேயே வெடித்தது. பதினாறே நாளில் ஏழும் போயின. எதிரியின் பீரங்கி, டார்பிடோ என்று நேரடிச் சண்டையில் போனவை இவற்றில் மூன்றுதான்! மற்றவை பாறை, விமானம், பழுதுத்துறை. உங்கள் சண்டை அட்டவணை இந்த நான்கையும் ஒருபோதும் கொண்டுவராது, ஏனென்றால் அதில் சோர்வுக்கும் விபத்துக்கும் இடமே இல்லை.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து அந்த மூன்று பெரிய போர்க்குரூசர்களை 'ஒருவேளை நடந்திருந்தால்' காய்களாகச் சேர்க்காதீர்கள். 280 மில்லிமீட்டர் பீரங்கியோடு திட்டம் போட்டது உண்மை, வரைபடம் தயாரானது உண்மை. ஒரு தகடுகூட வெட்டாத கப்பல்கள் அவை. அதைச் சேர்த்தால் எல்லோரும் அதைத்தான் ஆடுவார்கள், இருந்த கப்பல்களை மறந்துவிடுவார்கள்.

இனி பிப்ரவரி 27-இன் ஜாவாக் கடல் சண்டை. இதை நீங்கள் வெறும் துப்பாக்கி எண்ணிக்கையாகப் பார்த்திருக்கிறீர்கள். எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமே கிடையாது: இரண்டு பக்கமும் பெரிய கனரக குரூசர் இரண்டிரண்டு, நேச நாடுகளுக்கு இலகு குரூசர் மூன்று, ஜப்பானுக்கு இரண்டு, நாசகாரிகள் ஒன்பதுக்குப் பதினான்கு. அதனாலேயே எங்கள் ஆட்டத்தில் நேச நாடுகள் பாதிக்குப் பாதி ஜெயிக்கின்றன. உண்மையில் நடந்ததோ படுதோல்வி. ஒரு ஜப்பானியக் கப்பல்கூட மூழ்கவில்லை.

ஏன்? முதலில், கப்பல்களைப் பாருங்கள். கொடிக்கப்பலான டி ரூய்ட்டரில் ஏழு 150 மில்லிமீட்டர் பீரங்கிகள், பொருளாதார மந்தக் காலத்தில் செலவைச் சுருக்கிக் கட்டிய கப்பல். ஆனால் அதன் 40 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் குறிபார்க்கும் ஏற்பாடு அந்தக் காலத்தில் உலகிலேயே முன்னணியில் இருந்தது. கப்பல் ஆடினாலும் பீரங்கி நிலையாக நிற்கும். நீங்கள் அதற்கு விமான எதிர்ப்பில் 2 கொடுத்திருக்கிறீர்கள், பக்கத்தில் 1916-இல் அடித்தளம் போட்ட பழைய ஜாவா கப்பலுக்கும் அதே 2. இது இரண்டுமே டச்சு என்பதால் வந்த எண்ணா என்று கேட்கத் தோன்றுகிறது. ஜாவாவில் பத்துப் பீரங்கிகள் உண்டு, ஆனால் திறந்த தளத்தில் ஒவ்வொன்றாக நிற்பவை, ஒரு பக்கமாக ஏழைத்தான் திருப்ப முடியும்.

இரண்டாவது, கண். தளபதி கரேல் டோர்மான் அடிப்படையில் ஒரு கடற்படை விமானி. அன்று அவர் தலைக்கு மேல் தன் பக்கத்து விமானம் ஒன்றுகூட இல்லை. இரவுச் சண்டை வரும் என்று குரூசர்கள் தங்கள் கடல் விமானங்களைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தன. ஜப்பானிய விமானங்களோ பகலில் குறி சொல்லியும் இரவில் ஒளிக்குண்டு போட்டும் ஒவ்வொரு திருப்பத்தையும் காட்டிக்கொடுத்தன. டிசம்பர் 17 அன்று போர்னியோவின் மீரிக்கு அருகில் ஒரு டோர்னியர் ஷினோனோமே என்ற நாசகாரியையே குண்டுபோட்டு மூழ்கடித்தது. அதே பறக்கும் படகுப் பிரிவு மூன்று மூன்றாகத் தீவு தீவாக ஓடி ஓடி, பிப்ரவரி முடிவில் தேய்ந்துபோயிருந்தது. ஆகவே பறக்கும் படகுகளைத் தாக்கும் காய்களாக வைக்காமல் பார்க்கும் காய்களாக வையுங்கள்: எத்தனை மிச்சம் இருக்கிறதோ அத்தனை ஜப்பானியக் கப்பல் கூட்டங்களைத் திருப்பிப் பார்க்கலாம். டிசம்பரில் நிறையப் பார்க்கலாம், பிப்ரவரியில் ஏறக்குறைய குருடு.

மூன்றாவது, பேச்சு. நான்கு நாட்டுக் கப்பல்கள், ஒரே நாளில் கைகோத்தவை, பொதுவான சமிக்ஞைப் புத்தகமே இல்லை. டோர்மானின் உத்தரவை டி ரூய்ட்டரில் இருந்த ஓர் அமெரிக்கத் தொடர்பு அதிகாரி ஆங்கிலத்தில் மாற்றி அனுப்ப வேண்டும். டோர்மான் அனுப்பியதாகப் புகழ்பெற்ற 'தாக்குகிறேன், பின்தொடருங்கள்' என்ற வீர வசனம் பிற்பாடு வந்த அழகுபடுத்தல். உண்மையில் போனது 'எல்லாக் கப்பல்களும் என்னைப் பின்தொடரவும்' என்பதுதான். எனக்கு அந்த எளிய வாக்கியம்தான் அதிகம் பேசுகிறது. வேறு எதையும் சொல்ல முடியாத ஒரு தளபதி, எல்லோருக்கும் புரியக்கூடிய ஒரே உத்தரவைக் கொடுத்திருக்கிறார். விதியும் அப்படியே இருக்கட்டும்: நாடு கலந்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கொடிக்கப்பல் வரிசையாகப் போக மட்டுமே சொல்லலாம், பிரிந்து தாக்கச் சொல்ல வேண்டுமென்றால் பகடை உருட்ட வேண்டும். எக்ஸிட்டர் என்ற பிரிட்டிஷ் குரூசர் அடிபட்டுத் திரும்பியதும் பின்னால் வந்தவர்களும் திரும்பி, வரிசையே கலைந்த அந்தக் குழப்பம் தானாக வரும்.

நான்காவதாகச் சோர்வு. அவர்கள் முந்தின நாள் மாலையிலிருந்து கடலில் தேடி அலைந்துவிட்டு, பிப்ரவரி 27 பிற்பகல் சுராபாயாவுக்குள் நுழையும் நேரத்தில், எதிரி தெரிகிறான், போ என்று ஹெல்ஃப்ரிக்கின் உத்தரவு வந்தது. மாலுமிகள் களைத்து முடிந்துவிட்டார்கள் என்று அன்றே டோர்மான் தெரிவித்திருந்தார். திரும்பிப் போனார். கோர்டனார் டார்பிடோ பட்டு இரண்டாக முறிந்தது. பிரிட்டிஷ் கப்பலான ஜூப்பிட்டர் அன்று டச்சுக்காரர்களே போட்ட கண்ணிவெடியில் சிக்கியது. இரவு பதினொன்றரை மணிவாக்கில் ஜாவாவும் டி ரூய்ட்டரும் அடுத்தடுத்து டார்பிடோ பட்டு எரிந்தன. ஜாவாவில் மட்டும் 500-க்கும் மேல் இறந்தார்கள். டோர்மான் கப்பலோடு போனார்.

அந்த இரண்டு கப்பல்களிலும் இறந்தவர்களில் இந்தோனேசிய மாலுமிகளும் இருந்தார்கள். உங்கள் விதிப்புத்தகத்தில் 'டச்சு' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன், அறுபதுக்கும் மேல். 'இந்தோனேசிய' என்ற சொல் ஒருமுறைகூட இல்லை. இந்த மடல் எழுதவே இதுதான் முக்கியக் காரணம்.

தீவுகளின் தரைப்படையான கே.என்.ஐ.எல். 1830-இல் உருவானது. 1941 டிசம்பரில் காவல் படை, துணைப் படை எல்லாம் சேர்த்துக் கணக்கில் 85,000 பேர். அவர்களில் நிரந்தரச் சிப்பாய்கள் 34,000. அதில் 28,000 பேர் அந்த மண்ணின் மக்கள், ஜாவானியர், அம்போனியர், மெனாடோனியர், சுந்தானியர் என்று பலர். இந்தப் படை ஒரு நூற்றாண்டாகச் செய்த வேலை வெளிநாட்டுப் படையை எதிர்ப்பது கிடையாது, உள்ளூர் மக்களை அடக்குவது. 1873-இல் தொடங்கி வருடக்கணக்காக இழுத்த ஆச்சே போர் அதன் பள்ளிக்கூடம். காட்டில் சின்னச் சின்னக் குழுவாக ரோந்து போவதில் தேர்ந்தவர்கள். டிவிஷன் அளவில் பீரங்கியும் விமானமும் சேர்ந்து நகரும் போருக்கு அவர்களை யாரும் தயார் செய்யவில்லை. அதனால்தான் ஜாவாவில் மார்ச் 1 அன்று ஜப்பான் இறங்கியதும் ஒரு வாரத்தில், 8-ஆம் தேதி காலிஜாத்தியில், சரணடைந்து எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் விளையாட்டில் இதே படை டிவிஷன் காயாக நின்று எதிர்த்தாக்குதல் செய்கிறது. சிறு குழுக் காய்களாகப் பிரியுங்கள். காட்டுக் கட்டத்திலும் வெளித்தீவுகளிலும் பலம் கூட்டுங்கள், ஜாவாவின் சமவெளியில் குறையுங்கள்.

மக்கள் எந்தப் பக்கம் என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. 1936-இல் காலனியின் மக்கள் பேரவை சூதார்ஜோ மனுவை நிறைவேற்றியது, தனி நாடு கேட்கவில்லை, படிப்படியான தன்னாட்சியைப் பற்றிப் பேசலாம் என்றுதான் கேட்டது. 1938-இல் ஹேக்கில் இருந்த டச்சு அரசு அதையும் மறுத்தது. போர் வந்தபோது விடுதலை இயக்கத் தலைவர்களில் சுகர்ணோ பெங்குலுவிலும், ஹத்தாவும் ஷாஹ்ரிரும் பண்டா தீவிலும் நாடுகடத்தப்பட்டு இருந்தார்கள். கடற்படைக்குள்ளேயே 1933 பிப்ரவரியில், சம்பள வெட்டுக்கு எதிராக, 'ஏழு மாகாணங்கள்' என்ற பொருள்படும் பெயர் கொண்ட போர்க்கப்பலை மாலுமிகள் கைப்பற்றி ஓட்டிச் சென்றார்கள். இந்தோனேசியர்களும் ஐரோப்பியர்களும் சேர்ந்தே. விமானத்திலிருந்து குண்டு போட்டு அடக்கினார்கள், 23 பேர் இறந்தார்கள். ஒன்பது வருடம் கழித்து அதே கப்பல் சுராபாயா என்ற புதுப் பெயரோடு, சுராபாயா துறைமுகத்திலேயே மூழ்கியது. 1942-இல் ஜப்பானியர் கரையிறங்கும் முன்பே ஆச்சேயில் டச்சு ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது.

இதையெல்லாம் வைத்து 'உள்ளூர்ச் சிப்பாய்க்கு மன உறுதி 1' என்று போட்டுவிடாதீர்கள், அது இன்னும் பெரிய அநியாயம். டைமோரில் மாதக்கணக்காக ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து கே.என்.ஐ.எல். ஆட்கள் மறைந்திருந்து சண்டை போட்டார்கள். பிரச்சினை சிப்பாயிடம் இல்லை, ஆட்சிக்கும் மக்களுக்கும் இடையில் இருந்தது. ஆகவே எண்ணைச் சிப்பாய்க் காயில் போடாமல் தீவில் போடுங்கள். ஒவ்வொரு தீவுக்கும் ஒரு ஆதரவு எண்: அம்போன், மினாஹாசா போன்ற இடங்களில் ஒரு மாதிரி, ஆச்சேயில் வேறு மாதிரி, ஜாவாவில் நடுவில். அது குறைந்தால் உளவு குறையும், பாலம் தகர்ப்பது தாமதமாகும், சின்னக் குழுக்கள் காட்டுக்குள் நீடிக்க முடியாது. ஜப்பான் பிடித்த பிறகும் அந்த எண் வரைபடத்திலேயே இருக்கட்டும், ஏனென்றால் அடுத்த மூன்று வருடத்தில் கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்ட ரோமுஷாக்களின் நாடும் அதேதான்.

எண்ணெயைப் பற்றி ஒரே ஒரு விஷயம். தாராகான் தீவின் எண்ணெய் அப்படியே கப்பலில் எரிக்கும் அளவுக்குச் சுத்தமானது. ஜப்பான் தேடி வந்ததே இதைத்தான். டச்சுக்காரர்கள் கிணறுகளைத் தகர்ப்பது உங்கள் ஆட்டத்தில் செலவே இல்லாத ஒரு முடிவு. உண்மையில் அதற்கு ரத்தத்தில் விலை கொடுத்தார்கள். பாலிக்பாப்பானில் எண்ணெய் நிலையங்களைத் தகர்த்ததற்குப் பழியாக 1942 பிப்ரவரியில் 78 ஐரோப்பியர்களைக் கொன்றார்கள். தாராகானில், தீவு சரணடைந்த செய்தி போய்ச் சேராத ஒரு கரைப் பீரங்கி நிலையம் ஜனவரி 12 அன்று கண்ணிவெடி அகற்றும் ஜப்பானியக் கப்பல்கள் இரண்டை மூழ்கடித்தது. அந்த ஆட்கள் பின்னர் கடலில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார்கள். அதை விளையாட்டுப் புள்ளியாக்கச் சொல்லவில்லை, வேண்டாம். ஆனால் விதிப்புத்தகத்தின் வரலாற்றுக் குறிப்பில் நான்கு வரி எழுத இடம் இருக்கிறது.

கடைசியாக அந்த மார்ச் 1942 வரி. காய்களைப் பெட்டிக்குள் போடச் சொல்லும் வரி. அதை எடுத்துவிடுங்கள். ஆப்ரஹாம் கிரைன்சென் என்ற கண்ணிவெடி அகற்றும் சின்னக் கப்பல், மேலே மரக்கிளைகளை வெட்டிக் கட்டி, தெரியும் இடங்களில் பாறை நிறம் பூசி, பகலில் ஒரு குட்டித் தீவுபோலக் கரையோரம் அசையாமல் நின்று, இரவில் மட்டும் நகர்ந்து, ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. டிராம்ப் என்ற டச்சு குரூசர் பாடுங் ஜலசந்தியில் அடிபட்டு ஆஸ்திரேலியாவுக்குப் பழுது பார்க்கப் போனதாலேயே ஜாவாக் கடலில் சாகாமல் தப்பியது. பிறகு திருகோணமலைக்கு வந்து, 1944 ஏப்ரலில் பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படையோடு சுமத்ராவின் வடமுனைக்கு அருகே உள்ள சபாங்கைத் தாக்கக் கிளம்பியது. மே மாதம் சுராபாயாவைக் குண்டுபோடப் போன கூட்டத்திலும் அது இருந்தது, தன்னுடைய பழைய துறைமுகத்தையே. ஜூலையில் சபாங் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து சுட்டது. ஹெல்ஃப்ரிக் கொழும்பில் இருந்தார். தப்பிய நீர்மூழ்கிகள் சிலவும் அங்கேதான் வந்து சேர்ந்தன. உங்கள் வரைபடத்தின் மேற்கு ஓரம் சுமத்ராவோடு நின்றுவிடுகிறது. ஓர் அங்குலம் நீட்டினால் திருகோணமலை உள்ளே வந்துவிடும்.

அதைவிட முக்கியம் கே.பி.எம். நிறுவனத்தின் சரக்குக் கப்பல்கள். தீவுகளுக்கிடையே சரக்கும் ஆட்களும் ஏற்றிய சாதாரணக் கப்பல்கள்தான். 1942 இறுதியில் நியூகினியின் வடகரைக்கு ஆஸ்திரேலியர்களிடம் கப்பல் இல்லாமல் தவித்தபோது, பாறைகள் நிறைந்த, ஒழுங்கான வரைபடமே இல்லாத அந்தக் கரையோரம் இவைதான் போயின. கார்சிக் என்ற கே.பி.எம். கப்பல் டிசம்பரில் ஓரோ விரிகுடாவில் டாங்கிகளை இறக்கியது. அதே நியூகினிக் கரையில் பூனா என்ற இடத்தில் நடந்த சண்டைக்கு அவை தேவைப்பட்டன. உங்கள் ஆட்டத்தில் நேச நாடுகளின் போக்குவரத்துப் புள்ளி எல்லாம் அமெரிக்கக் காயாகவே வருகிறது. அதில் இரண்டு மூன்றையாவது டச்சுக் காயாக மாற்றுங்கள். அந்தக் கப்பல்களில் வேலை செய்த இந்தோனேசியக் கடலோடிகள்தான் 1945-இல் விடுதலை அறிவிப்பு வந்ததும் ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் டச்சுக் கப்பல்களை ஓட்ட மறுத்து இறங்கினார்கள். உங்கள் ஆட்டம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது, சரி. ஆனால் ஒரு காயின் பின்னால் இவ்வளவு ஆட்கள் இருக்கிறார்கள்.

இதனால் விதிப்புத்தகம் தடித்துவிடும் என்று சொல்வீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம்: டார்பிடோ அட்டவணையில் ஒரு பத்தி, சுராபாயாவுக்கு ஒரு பெட்டி, கலந்த கூட்டத் தலைமைக்கு ஒரு விதி, சோர்வுக்கு ஒரு குறி, தீவு ஆதரவுக்கு வரைபடத்தில் சிறு எண்கள். எல்லாம் சேர்த்து நான்கு பக்கம். குவாடல்கனாலுக்கு மட்டும் பதினெட்டுப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் தேதியை மட்டும் சொல்லுங்கள். மூன்று ஞாயிறு கிடைத்தால் போதும், இந்த விதிகளோடு ஜாவாக் கடலை ஆடிப் பார்த்து, ஒவ்வொரு சுற்றின் குறிப்பையும் எழுதி அனுப்புகிறோம். ஆப்ரஹாம் கிரைன்சென்னுக்கு ஒரு காயை எங்கள் கூட்டாளி ஏற்கெனவே அட்டையில் வெட்டி, ஒரு பக்கம் சாம்பல் நிறமும் மறுபக்கம் பச்சையும் பூசி வைத்திருக்கிறார். பகல் சுற்றில் பச்சை மேலே.

அன்புடன்,
ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக் குழுவிலிருந்து ஒருவன்